சமயம் புகுதலைக் குறிக்கும் கிறித்தவத் தமிழ்ச் சொற்கள்

1. முன்னுரை

ஒருவர் கிறித்தவராதல் என்பது வரலாற்றாசிரியர்க்கு ஒரு நிகழ்ச்சி. கணக்கெடுப்பார்க்கு ஓர் எண். அவருடைய சுற்றத்தார்க்குப் பெரும்பாலும் ஒரு பிரிவு. அவருக்கோ ஒரு வாழ்வின் தொடக்கம். இந்நான்கு நோக்கும் தத்தமக்கெனச் சொற்களை உடையன. இக்காலத்து உரைநடையில் பெருவழக்காக உள்ள 'மதமாற்றம்' என்னும் சொல் புறத்தே நின்று காண்பாரின் சொல். ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றைக் கொள்ளுதலை அது கூறும். உள்ளே நிகழ்ந்தது யாது என்பதைக் கூறாது. அகத்தே நின்று அந்நிகழ்ச்சியைச் சொல்ல முற்பட்டோர், பதினாறாம் நூற்றாண்டு தொட்டு, தமிழில் பல சொற்களைத் தேடியும் ஆக்கியும் ஆண்டுள்ளனர். விசுவாசம், நம்பிக்கை, மனந்திரும்புதல், குணப்படுதல், ஞானஸ்நானம், திருமுழுக்கு, மறுபடி பிறத்தல், இரட்சிக்கப்படுதல், மார்க்கம், நெறி என்பன அவற்றுள் தலையாயவை.

இச்சொற்களைப் பொருள் ஒன்றே என மயங்கி வழங்குதல் ஆய்வாளரிடையேயும் காணப்படுகிறது. ஆயின் ஒவ்வொன்றும் அந்நிகழ்ச்சியின் ஒவ்வொரு கூற்றையே சுட்டுவது. ஒவ்வொன்றும் தமிழில் தனக்கென ஒரு முன்வரலாறு உடையது. அம்முன்வரலாறு சமயப் பொருளுக்குச் சில இடங்களில் துணை நின்றது. சில இடங்களில் தடையாயிற்று. இவற்றைப் பிரித்துணர்ந்து காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வேண்டுதலும் விசுவசித்தலும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டு தொடங்கி 1537ஆம் ஆண்டுக்குள் பெருந்தொகையினராய்த் திருமுழுக்குப் பெற்றனர். கடல்வாணிகத்தில் தம்மை நெருக்கியோரிடமிருந்து போர்த்துக்கீசியரின் காவலை அவர்கள் நாடினர் என்பதும், அந்நாட்டமே அவர்களைக் கிறித்தவத்தின் வாயிலுக்குக் கொணர்ந்தது என்பதும் வரலாற்றாசிரியர் யாவர்க்கும் உடன்பாடு. சமயம் புகுந்த அவர்களுக்குச் சமயத்தைக் கற்பிப்போர் சில ஆண்டுகள்வரை போதிய அளவில் இலர். 1542இல் பிரான்சிசு சேவியர் அக்கடற்கரைக்கு வந்தபின்னரே, தமிழறிந்தார் துணையுடன் மன்றாட்டுகள் முறையாகத் தமிழாக்கப்பட்டன. சேவியர் தமிழை முற்றக் கற்றவரல்லர். பிறர் பெயர்த்துத் தந்ததை மனப்பாடம் செய்து ஊர்தோறும் ஓதுவித்தார்.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. 1544இல் தம் உடனுழைப்பாளரான மான்சிலாசு என்பார்க்கு எழுதிய கடிதத்தில் சேவியரே அதனைத் திருத்துகின்றார். விசுவாச அறிக்கையின் தொடக்கத்தில் 'எனக்கு வேணும்' என ஓதப்பட்டு வந்தது. 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பது. ஆதலின் அதனை நீக்கி, விசுவசித்தலைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்தில் இடவேண்டும் என்பது அவர் அறிவுறுத்தல். தமிழ்க் கிறித்தவச் சொல்வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய திருத்தங்களுள் இது ஒன்று.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என ஆராய்தல் தகும். இலத்தீன் திருமுழுக்குச் சடங்கில், புகவருவாரை நோக்கி 'நீ விசுவசிக்கின்றாயா' என்று ஒரு வினாவும், 'நீ திருமுழுக்குப் பெற விரும்புகின்றாயா' என்று மற்றொரு வினாவும் கேட்கப்படும். முன்னதற்கு விடை 'விசுவசிக்கிறேன்'. பின்னதற்கு விடை 'விரும்புகிறேன்'. இரண்டும் ஒரே சடங்கில் அடுத்தடுத்து நிற்பன. மொழிபெயர்த்தார் இவ்விரண்டனையும் மயங்கினர் என்று துணிதற்குச் சான்றில்லை எனினும், அம்மயக்கத்திற்கு இடனுண்டு என்பது தெளிவு. இவ்விரு வினாவும் இரண்டாக நிற்பதே கருதத்தக்கது. வேண்டுதல் வேறு, விசுவசித்தல் வேறு. வேண்டி வந்தவன் விசுவசித்தவன் ஆகான்; ஆனால் வேண்டாமல் வந்து விசுவசித்தவனும் இலன். முத்துக்குளித்துறையார் வரலாற்றையே அவ்வொரு சொல் தன்னுள் அடக்கியுள்ளது. அவர்கள் காவல் வேண்டி வந்தனர்; விசுவாசம் பின்னர்க் கற்பிக்கப்பட்டது; நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் வழியினர் அதனை விடாது காத்து வருகின்றனர். தொடக்கத்தின் நோக்கம் ஒன்றாயினும், தொடர்ச்சியின் உறுதி வேறொன்றாதல் கூடும் என்பதற்கு இது சான்று.

3. நம்பு என்னும் உரிச்சொல்

விசுவாசம் என்பது வடசொல். தமிழ்ப் பொதுவழக்கில் அது இன்று நன்றி மறவாத உண்மைத்தன்மையைக் குறிக்கும். ஏவலாளன் தலைவனிடத்தும், வளர்ப்பு நாய் தன்னை வளர்த்தோனிடத்தும் காட்டும் பற்றினை விசுவாசம் என்கிறோம். கிறித்தவ வழக்கில் அச்சொல் இறைவனிடத்துக் கொள்ளும் உறுதிப்பாட்டையும், ஏற்றுக்கொண்ட கோட்பாட்டையும் ஒருங்கே உணர்த்தும். அதனைக் கொண்டவர் 'விசுவாசி' எனப்படுவர். கிரேக்கத்தில் 'பிசுதிசு' என்னும் மூலச்சொல்லும் நம்புதல், உண்மையாயிருத்தல் ஆகிய இருபொருளும் உடையதாதலின், விசுவாசம் அதற்குப் பொருந்திய பெயர்ப்பே எனலாம்.

1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் விசுவாசம் என்பதை விடுத்து 'நம்பிக்கை' என்பதைக் கொண்டது. நம்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதனை 'மேவு' என்பதனோடு சேர்த்து வைத்து, இரண்டும் நசைப்பொருளன என்று இலக்கணம் கூறுகிறது. நசையாவது விருப்பம். எனவே மிகப் பழைய தமிழில் நம்புதல் என்றால் விரும்புதல். பின்னர்ப் பத்தி இலக்கியத்தில் அச்சொல் இறைவனைத் துணையெனக் கொண்டு சார்தல் என்னும் பொருளில் பயில்கிறது. அதன்பின் ஐயமின்மை, உறுதி என்னும் இக்காலப் பொருள் நிலைத்தது.

இவ்வரலாற்றைச் சேவியர் திருத்திய பிழையோடு ஒருங்கு வைத்து நோக்கினால் வியப்பு விளையும். 'வேணும்' என்பது தவறு என நீக்கப்பட்டது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் அவ்விடத்தில் வந்து அமர்ந்த 'நம்பு' என்னும் சொல்லோ, தன் வேரில் வேண்டுதற்பொருளையே உடையது. திருத்தம் தவறன்று, 1544ஆம் ஆண்டின் பேச்சுவழக்கில் 'எனக்கு வேணும்' என்பது இறைவனைச் சார்தலைக் குறியாது. ஆயினும் விருப்பம், சார்பு, உறுதி என்னும் மூன்று படிகளையும் ஒரு சொல்லே கடந்து வந்தமை, மனத்தின் இயல்பைத் தமிழ் நன்கு கண்டிருந்தது என்பதைப் புலப்படுத்தும். நாடாத ஒன்றை எவரும் நம்பத் தொடங்குவதில்லை.

4. திரும்புதலும் மாறுதலும் குணப்படுதலும்

புதிய ஏற்பாட்டில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் இரண்டு. ஒன்று 'மெற்றனோயா', மனத்தின் மாற்றம் என்பது அதன் சொற்பொருள். மற்றொன்று 'எபிசுத்ரொபே', திரும்புதல் என்பது அதன் சொற்பொருள். இவ்விரண்டற்கும் பின்புலமாய் நிற்பது, 'திரும்பி வா' என இறைவாக்கினர் மக்களை அழைத்த எபிரேய வினைச்சொல்.

1871ஆம் ஆண்டின் பவர் மொழிபெயர்ப்பு முன்னதற்கு 'மனந்திரும்புதல்' என்னும் தொடரை ஆண்டது. பின்னதற்குச் சில இடங்களில் அதனையே ஆண்டு, வேறு சில இடங்களில் 'குணப்படுதல்' என்றது. அப்போத்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில் இரு கிரேக்க வினைகளும் ஒரே வாக்கியத்தில் வர, இரு தமிழ்ச் சொற்களும் அங்கு அடுத்தடுத்து நிற்றல் காணலாம். பழைய கத்தோலிக்க வழக்கோ, செய்த குற்றத்திற்கு வருந்துதலை முன்னிறுத்தி 'மனஸ்தாபம்' என்றது. இச்சொல் பொதுவழக்கில் இருவரிடையே தோன்றும் மனவேறுபாட்டைக் குறிப்பதாய்த் திரிந்துவிட்டமையின், இன்று அச்சமயப் பொருளைப் பொதுமக்கட்கு உணர்த்துதல் அரிது. திருவிவிலியம் 'மனம் மாறுதல்' என்று எளிமையாகக் கூறும்.

திரும்புதலுக்கும் மாறுதலுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. மாறுதல் என்பது ஒரு நிலை நீங்கி வேறொரு நிலை எய்துதல். பின்னைய நிலை முற்றிலும் புதியதாதல் கூடும். திரும்புதலோ முன்னொருகால் இருந்த இடத்தை வேண்டி நிற்கும். புறப்பட்ட இடம் இல்லாதவன் திரும்புதல் இயலாது. யூதர்க்கு 'திரும்புங்கள்' எனக் கூறிய இடத்து அச்சொல் நேரே பொருந்தும். அவர்கள் விட்டு விலகிய உடன்படிக்கை ஒன்று இருந்தது. தமிழகத்தில் கிறித்தவத்தை முதன்முதற் கேட்டவரிடம் 'மனந்திரும்புக' எனக் கூறுங்கால், எவ்விடத்திற்குத் திரும்புதல் என்னும் வினா எழும். படைத்தவனே ஒவ்வோர் உயிர்க்கும் முதலிடம் ஆதலின் அவனை நாடுதல் திரும்புதலே என்பது கிறித்தவர் தரும் விடை. இவ்விடையை ஏற்றவனுக்கு அது வீடு திரும்புதல். அவனுடைய தாய்க்கும் தந்தைக்கும் மனைவிக்குமோ அது வீடு விட்டுப் போதல். ஒரே செயலை ஒருவர் வருகை என்றும் மற்றொருவர் செலவு என்றும் கூறுகின்றனர். இருவரும் பொய் கூறவில்லை. கிறித்தவம் தழுவினார் வரலாறுகளில் நாம் காணும் துயரம் முழுவதும் இவ்விரு சொற்களின் இடையே உள்ளது.

தமிழிலக்கியம் இத்தகைய நிகழ்ச்சியைக் கிறித்தவத்திற்கு முன்னரே அறியும். மருணீக்கியார் சமணம் புகுந்து தருமசேனராகி, சூலைநோயால் வருந்தி, தமக்கை திலகவதியார்பால் வந்து, திருவதிகையில் நோய் தீர்ந்து நாவுக்கரசரான வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். அங்குத் திரும்புதல் என்பது எழுத்தின்படியே உண்மை. அவர் பிறந்த குடியின் சமயத்திற்கே மீண்டார். அன்றியும், உடல் குணப்பட்டதும் உள்ளம் குணப்பட்டதும் அங்கு ஒரே காலத்தில் நிகழ்ந்தன. குணப்படுதல் என்னும் சொல்லுக்கு நற்குணம் எய்துதல், நோய் நீங்குதல் என்னும் இருபொருளும் உண்மையை நினைவுகூர்க. பவர் மொழிபெயர்ப்பு இச்சொல்லைத் தேர்ந்தது, தமிழர் செவிக்கு அயலாகாத ஒரு பொருட்சேர்க்கையைத் தொட்டது எனலாம். இன்று அச்சொல் நோய் நீங்குதற்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது.

5. நீராட்டும் ஞானமும்

புகுமுகச் சடங்கின் கிரேக்கப் பெயர் முழுகச் செய்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. 'முழுக்கு' என்னும் தமிழ்ச்சொல் அதனோடு ஒருங்கொத்த பொருளது. ஆயினும் நெடுங்காலம் பெருவழக்காய் நின்றது 'ஞானஸ்நானம்' என்பதே. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி எனும் தத்துவ போதகரோடு இச்சொல்லாக்கத்தைத் தொடர்புறுத்துதல் மரபு. அவர்க்கு முன்னர், அண்ட்ரிக் அடிகளார் காலத்து நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் ஒலிபெயர்ந்து மிகுதியும் வழங்கின. 1578இல் கொல்லத்தில் அச்சாகிய தம்பிரான் வணக்கம் நல்ல தமிழ்ப்பெயர் உடையதாயினும், 1579இல் கொச்சியில் அச்சாகிய கிரிசித்தியானி வணக்கமும் அதனை அடுத்து வந்த கொம்பெசியனாயரும் தம் பெயரிலேயே அயற்சொல்லைத் தாங்கி நிற்றல் காண்க. ஒலிபெயர்ப்பு விட்டு நாட்டுச் சமயங்களின் சொல்வளத்தை எடுத்தாளும் முறை நொபிலியாரால் வலுப்பெற்றது.

ஞானஸ்நானம் என்பது மொழிபெயர்ப்பு மட்டுமன்று; விளக்கமும் ஆகும். மூலத்தில் முழுக்கு மட்டுமே உண்டு, 'ஞானம்' இல்லை. தீர்த்தமாடுதல் நாடெங்கும் வழங்கிய இடத்தில், இந்நீராட்டு அத்தகையதன்று, உயிரைப் பற்றியது என உணர்த்த ஓர் அடை வேண்டப்பட்டது. இதன் விளைவாகக் கிறித்தவத் தமிழில் 'ஞான' என்னும் முன்னொட்டு, சைவநூல்களில் உள்ள மெய்யறிவுப் பொருளினின்று சிறிது விலகி, 'உயிர்க்குரிய', 'சமயத்திற்குரிய' என்னும் பொருளைப் பெற்றது. ஞானத்தந்தை, ஞானத்தாய், ஞானோபதேசம் என்பன அவ்வழிப் பிறந்தவை. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) இயற்றிய ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம் முதலிய நூற்பெயர்களிலும் இப்பொருளே அமைந்துள்ளது. ஏற்றமும் நொண்டியும் நாட்டார் வடிவங்கள். 'ஞான' என்னும் அடை அவற்றுக்கு முழுக்குத் தருகிறது எனலாம்.

திருமுழுக்குப் பெறுவார் புதுப்பெயர் ஏற்றலும் உண்டு. முத்துக்குளித்துறையார் பர்னாந்து, கோமசு முதலிய போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். பின்னையோர் பெயரையும் மொழிபெயர்த்தனர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழில் தந்து 'தேவசகாயம்' எனப்பட்டார். கடவுள் துணை என்பது அப்பெயரின் பொருள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். முழுக்கிற்கும் சாவிற்கும் இடைப்பட்ட காலம் ஏழாண்டுக்குச் சிறிது குறைவு. ஒரு பெயரின் பொருள் ஒருவர் வாழ்வில் எத்துணைக் கடுமையாகச் சோதிக்கப்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

6. மறுபடி பிறத்தல்

இதுவரை கண்ட சொற்களுக்குத் தமிழ்மரபு பெரும்பாலும் இடந்தந்தது. ஆனால் யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரம் கூறும் 'மறுபடி பிறத்தல்' தமிழ் மரபோடு நேரே முரணுவது. சைவ, வைணவ, சமண, பௌத்த சமயங்கள் யாவும் மறுபிறப்பை நீங்கவேண்டிய துன்பமாகவே கண்டன. பிறவாமை வேண்டுதலே அடியார் பலரின் முதல் வேண்டுகோள். இந்நாட்டில் 'நீ மறுபடியும் பிறத்தல் வேண்டும்' என்று ஒரு சமயம் கூறுமாயின், கேட்பார்க்கு அது வாழ்த்தாகவன்றி வைதலாகவே தோன்றியிருத்தல் கூடும்.

இவ்விடத்தில் மூலமொழியே ஓர் இருபொருட்சொல்லை உடைத்து. அங்குள்ள 'அனோதென்' என்பது 'மறுபடி' என்றும் 'மேலிருந்து' என்றும் பொருள்படும். நிக்கொதேமு முன்னைய பொருளைக் கொண்டு, முதியவன் தாய்வயிற்றில் புகுதல் எங்ஙனம் என வினவுகின்றான். விடையோ நீராலும் ஆவியாலும் பிறக்கும் பிறப்பைச் சுட்டுகிறது. இரு பொருளையும் ஒருசேரத் தரும் தமிழ்ச்சொல் இல்லை. ஆதலின் பெயர்ப்போர் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விடுக்க நேர்ந்தது. எனினும் தமிழில் இதனை ஒத்த ஒரு கருத்து இல்லாமலில்லை. திருமுருகாற்றுப்படையில் வரும் 'இருபிறப்பாளர்' என்னும் தொடர், உடற்பிறப்போடு சடங்கினால் எய்தும் இரண்டாம் பிறப்பும் உடையாரைக் குறிக்கும். ஆயின் அவ்விரண்டாம் பிறப்பு ஒரு குலத்தார்க்கே உரியது. கிறித்தவர் கூறிய இரண்டாம் பிறப்பு எக்குலத்தார்க்கும் உரியதெனக் கூறப்பட்டது. தரங்கம்பாடியில் 1707 மே மாதத்தில் சீகன்பால்கு முதன்முதல் முழுக்களித்தோர் அங்கிருந்த ஐரோப்பியர் இல்லங்களின் அடிமைகள் ஐவர் என்பதை இதனொடு சேர்த்து எண்ணுக. அவர்க்குப் பிறப்பென்னும் சொல் அதுகாறும் கட்டினை மட்டுமே குறித்திருந்தது. மறுபிறப்பு அச்சந்தரும் சொல்லாக நின்ற நாட்டில், முதற்பிறப்பே சுமையாயினார்க்கு அது விடுதலைச் சொல்லாதல் இயல்பு. ஆயினும் சாதி வேற்றுமை திருச்சபைக்குள்ளும் நெடுங்காலம் நின்றமையை நோக்க, சொல் அளித்த உறுதியை வழக்கம் முற்றும் நிறைவேற்றவில்லை என்பதையும் கூறுதல் ஆய்வாளர் கடன்.

7. வினை நிலை

இச்சொற்களை இலக்கண நோக்கில் மூவகையாகப் பகுக்கலாம். நம்பு, திரும்பு, மாறு, சேர் என்பன ஒருவகை. இவற்றில் எழுவாயாகிய மனிதனே செயலுக்கு உரியவன். முழுக்குப் பெறு, இரட்சிக்கப்படு, மீட்கப்படு என்பன மற்றொருவகை, இவற்றில் மனிதன் ஏற்பவனே, செய்பவன் வேறொருவன். மூன்றாவதாகப் 'பிற' என்பது தனித்து நிற்கும். அது வடிவால் தன்வினை; எனினும் பிறப்பவன் தன் பிறப்பிற்கு முயல்வதில்லை. சமயம் புகுதலில் மனித முயற்சி எவ்வளவு, இறையருள் எவ்வளவு என்னும் நெடிய வழக்கை இம்மூவகை வினைகளும் தமக்குள் பகிர்ந்து கொண்டுள்ளன.

இரண்டாம் வகையில் 'படு' துணைவினை மிகுந்து வருதல் மூலமொழிகளின் செயப்பாட்டு வினையைப் பின்பற்றியதால் விளைந்தது. இப்பொருளையே தமிழ் தன் இயல்பில் 'ஆட்கொள்ளுதல்' என்று கூறும். சுந்தரரைத் திருமணப் பந்தரில் இறைவன் வழக்குரைத்துத் தடுத்தாட்கொண்ட வரலாற்றையும், தமசுகு நகர் செல்லும் வழியில் சவுல் தடுக்கப்பட்ட வரலாற்றையும் ஒப்புநோக்குவார்க்கு, இரண்டிலும் மனிதன் வேறொரு வழியிற் செல்ல, இறைவன் குறுக்கே வந்து நிற்றல் புலனாகும். சைவ சித்தாந்தம் கூறும் சத்திநிபாதமும் அருள் தானே வந்து பதிதலைக் குறிப்பதே. விவிலிய மொழிபெயர்ப்பாளர் ஆட்கொள்ளுதல் என்பதைக் கலைச்சொல்லாகக் கொள்ளாராயினும், கீர்த்தனை பாடிய தமிழ்க் கிறித்தவர் அதனை விடவில்லை. கோட்பாட்டுரை செய்யப்பாட்டு வினையில் பேச, பாட்டு ஆட்கொள்ளும் என்று பாடிற்று.

8. தொடக்கத்திற்குப் பின்: நெறி

புகுதல் ஒருநாட் செயல். ஒழுகுதல் வாழ்நாட் செயல். தொடக்கக் கிறித்தவர் தம் சமயத்தை 'வழி' என்றே வழங்கினர் என்பது அப்போத்தலர் நடபடிகளால் அறியப்படும். பவர் மொழிபெயர்ப்பு அதனை 'மார்க்கம்' என்றும், திருவிவிலியம் 'நெறி' என்றும் பெயர்க்கும். பின்வாங்குதல், பின்மாற்றம், நிலைநிற்றல் என இன்றும் சபைகளில் வழங்கும் சொற்கள் யாவும் இவ்வழியுருவகத்தைச் சார்ந்தவையே. தொடங்கினார் யாவரும் முடித்தாரல்லர் என்னும் அறிவு இச்சொற்களில் உறைகிறது.

இவ்வழியுருவகத்தைத் தமிழில் பெருங்காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900). நெல்லைக் கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்த அவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 'என்றி ஆல்பிரடு' என்னும் முழுக்குப் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னே நிற்க, கிருட்டிணன் என்னும் பிறப்புப் பெயர் மாறாது பின்னே நின்றது. அவருடைய புலமையும் அவ்வாறே நின்றது. முழுக்குப் பெற்று முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 1894இல், இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையே அதன் முதல். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுத்து, இயேசுவின் பாடுகளை விரிவாகச் சேர்த்து, கம்பர் நடையைத் தழுவி, இடையிடையே 'தேவாரம்' என்னும் பெயராலேயே இசைப்பாக்களை அமைத்துப் பாடினார்.

பனியன் கதையில், தலைவன் வாயிலைக் கடந்ததும் கதை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. சிலுவையின் முன் சுமை வீழ்ந்த பின்னரும் குன்றும் பள்ளமும் ஐயமும் சிறையும் ஆறும் அவனை எதிர்நோக்குகின்றன. இதனைப் பாடக் கிருட்டிண பிள்ளைக்குத் தமிழில் வனம்புகு காதையும் ஆற்றுப்படையும் முன்னரே இருந்தன. செல்வோனுக்கு வழி கூறும் இலக்கியத்தைச் சங்ககாலந்தொட்டுப் போற்றிய மொழிக்கு இப்பொருள் அயலானதன்று.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, கிறித்தவராதலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் யாதொன்றும் அந்நிகழ்ச்சியை முழுதும் அடக்குவதன்று; விருப்பம், சார்பு, திருப்பம், கழுவுதல், பிறப்பு, செலவு என ஒவ்வொன்றும் ஒரு கூறு. இரண்டாவது, இச்சொற்களுள் பெரும்பாலன கிறித்தவத்திற்கு முன்னரே தமிழில் வாழ்ந்தவை. புதுப்பொருள் ஏற்றபோதும் பழம்பொருளை அவை முற்றும் துறக்கவில்லை. சொற்களும் ஒருவகையில் முழுக்குப் பெற்றன. ஆயின் தம் பிறப்புப் பெயரை விட்டனவல்ல. மூன்றாவது, 'மதமாற்றம்' என்னும் ஒரு சொல்லைக்கொண்டு இவ்வரலாறு முழுவதையும் எழுதப்புகுவார், புறத்தே நிகழ்ந்ததை மட்டும் எழுதி அகத்தே நிகழ்ந்ததை விடுவர்.

ஆதலின் இத்துறையில் ஆராயும் மாணவர், ஒரு நூலோ வாழ்க்கை வரலாறோ கையில் எடுத்தவுடன், ஆசிரியர் எச்சொல்லை ஆள்கின்றார், அச்சொல் யார் பக்கம் நின்று பேசுகின்றது என முதற்கண் வினவுதல் வேண்டும். திரும்பினான் என எழுதுவாரும் பிரிந்தான் என எழுதுவாரும் ஒரே மனிதனைப் பற்றியே எழுதியிருத்தல் கூடும். அவ்விருவர் சொல்லையும் ஒருங்கு வைத்துக் கேட்டாலன்றி, அம்மனிதன் அந்நாளில் எதனை இழந்து எதனைப் பெற்றான் என்பது நமக்கு விளங்காது.